அணு அணுவாகத் தேடிய எந்திரம்

ஆஸ்பிரினுக்குப் பெயர்கள் பல. அசெட்டைல் சாலிசிலிக் அமிலம் என்று ஒரு பாடநூல் சொல்லும். 2-அசெட்டாக்சி பென்சாயிக் அமிலம் என்று இன்னொன்று சொல்லும். ஆஸ்பிரின் என்பதோ பேயர் நிறுவனம் 1899இல் பதிவுசெய்த வணிகப் பெயர். பெயரை நம்பித் தேடப்போனால் ஒரே பொருளை மூன்று இடங்களில் தேட வேண்டும். பெயரை விட்டுவிட்டு வாய்பாட்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அங்கே வேறொரு வம்பு. ஒன்பது கார்பன், எட்டு ஹைட்ரஜன், நான்கு ஆக்ஸிஜன் என்பது ஆஸ்பிரினின் கணக்கு. காப்பிக்கொட்டையிலும் இன்னும் பல செடிகளிலும் இருக்கும் காஃபிக் அமிலத்துக்கும் ஓர் அணுகூடப் பிசகாமல் அதே கணக்குத்தான். இரண்டும் வெவ்வேறு பொருள்கள். சரக்கு ஒன்று, கட்டிய விதம் வேறு.

இப்படி ஒரே சரக்கில் பல விதமாகக் கட்டப்பட்டவற்றை மாற்றியங்கள் என்கிறோம். பத்து கார்பன் கொண்ட ஆல்கேனை 75 விதமாகக் கட்டலாம். இருபது கார்பன் என்றால் 3,66,319 விதம். இந்த எண்ணிக்கையைக் கணித வழியில் பிடிக்க 1870களிலேயே ஆர்தர் கேலி என்ற ஆங்கிலேயக் கணிதர் முயன்றார். அணுக்களைப் புள்ளிகளாகவும் பிணைப்புகளைக் கோடுகளாகவும் எடுத்துக்கொண்டால் மூலக்கூறு என்பது ஒரு வலைப்படம். அவருடைய நண்பர் சில்வெஸ்டர் 1878இல் அத்தகைய படத்துக்கு ‘கிராஃப்’ என்று பெயர் வைத்ததே வேதியியல் படங்களைப் பார்த்துத்தான். கணிப்பொறி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சேர்மத்தைத் தேடுவதற்கான கணிதம் விதை போட்டுக் காத்திருந்தது என்று சொல்லலாம்.

வேதியியலாளருக்கு உண்மையில் தேவைப்படும் கேள்வி ஒரு பொருளைப் பற்றியது அல்ல. “பென்சீன் வளையத்தில் ஓர் அமிலத் தொகுதி, அதற்கு அடுத்த கார்பனில் ஓர் ஆக்ஸிஜன். இந்தத் துண்டு உள்ள சேர்மங்கள் எல்லாம் எவை?” இதுதான் அவருடைய கேள்வி. அந்தத் துண்டுக்கு மருத்துவக் குணம் இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் இருக்கலாம். வேறு யாராவது ஏற்கெனவே காப்புரிமை வாங்கிவிட்டார்களா என்று பார்க்க வேண்டியிருக்கலாம். 1881இல் வெளிவரத் தொடங்கிய பெயில்ஷ்டைனின் ஜெர்மன் கையேடு கட்டமைப்பை வைத்தே சேர்மங்களை வரிசைப்படுத்தியது. ஆனாலும் அச்சுப் புத்தகத்தில் ஒரு சேர்மத்தை முதன்மையாக ஓரிடத்தில்தான் வைக்க முடியும். அமிலம் என்ற தலைப்பில் போனது, வளையத்தைத் தேடி வருகிறவர் கண்ணில் படாது.

துளையட்டைகள் பாதி வழி கொண்டுபோய் விட்டன. பென்சீன் வளையம் உண்டா, ஒரு துளை. அமிலத் தொகுதி உண்டா, இன்னொரு துளை. அட்டைக்கட்டை எந்திரத்தில் ஓட்டினால் இரண்டு துளையும் உள்ளவை தனியே விழும். ஆனால் அமிலம் வளையத்தில் நேராக ஒட்டியிருக்கிறதா, பத்து கார்பன் தள்ளித் தொங்குகிறதா என்று துளைக்குத் தெரியாது. வேண்டாதவையும் சேர்ந்து விழும், ஆள் உட்கார்ந்து பொறுக்க வேண்டும்.

அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு இந்தப் பொறுக்கும் வேலை கழுத்தை நெரித்தது. ஒரு புதிய வேதிப்பொருளுக்கு விண்ணப்பம் வந்தால், அதைப் போன்றது இதற்கு முன் இல்லை என்று பரிசோதகர் உறுதிசெய்தாக வேண்டும். எந்திரங்களைப் பயன்படுத்த வழி உண்டா என்று ஆராய அமைத்த குழு, வன்னேவர் புஷ் தலைமையில் 1954இல் அறிக்கை கொடுத்தது. காப்புரிமை அலுவலகமும் தேசியத் தரநிலை நிறுவனமும் ஒரே வணிகத் துறையின் கீழ் இருந்தன. தரநிலை நிறுவனத்திடம் சீக் என்ற கணிப்பொறி இருந்தது. அங்கே வேலை பார்த்த லூயிஸ் ரே, ரஸ்ஸல் கிர்ஷ் இருவரும் 1957இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணிப்பொறிக்குள் சேர்மத்தின் துண்டைத் துல்லியமாகத் தேடும் வரலாறு அந்தக் கட்டுரையில் தொடங்குகிறது. (அதே ஆண்டு, அதே சீக் எந்திரத்தில், கைக்குழந்தையான தன் மகனின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளாக ஏற்றியவரும் இந்த கிர்ஷ்தான். நம் கைப்பேசிப் படங்களுக்கெல்லாம் மூத்த படம் அது.)

சீக்கின் கொள்ளளவைத் தெரிந்துகொண்டால்தான் அவர்கள் செய்ததன் அருமை புரியும். 1950இல் ஓடத் தொடங்கியபோது அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். அவற்றுக்குள் ஒலித்துடிப்புகளாகத் தகவல் சுற்றிக்கொண்டிருக்கும். மொத்தம் 512 சொற்கள், ஒவ்வொன்றும் 45 பிட். இன்றைய கணக்கில் மூன்று கிலோபைட்கூட இல்லை. நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையையே அதில் முழுதாக ஏற்ற முடியாது.

அவர்கள் செய்தது இது. மூலக்கூற்றின் படத்தை மறந்துவிட்டு அதை ஒரு பட்டியலாக எழுதினார்கள். ஒவ்வொரு அணுவுக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே அது என்ன தனிமம், எந்தெந்த எண்ணோடு எந்தப் பிணைப்பில் கட்டப்பட்டிருக்கிறது என்ற விவரம். ஹைட்ரஜனை எழுதுவதில்லை. கார்பனுக்கு நான்கு கை என்று தெரிந்திருப்பதால், மிச்சக் கை எல்லாம் ஹைட்ரஜன் என்று கொள்ளலாம். இதற்குப் பிணைப்பு அட்டவணை என்று பெயர் நிலைத்தது. தேட வேண்டிய துண்டுக்கும் இதேபோல் ஓர் அட்டவணை.

ஆஸ்பிரினில் அமிலத் தொகுதி இருக்கிறதா என்று எந்திரம் எப்படித் தேடும்? ஹைட்ரஜனை விட்டால் ஆஸ்பிரினில் 13 அணுக்கள். வளையத்துக் கார்பன்கள் 1 முதல் 6 வரை. 1-ஐ ஒட்டி 7-ஆம் எண் ஆக்ஸிஜன், அதை ஒட்டி 8-ஆம் எண் கார்பன், அதில் இரட்டைப் பிணைப்போடு 9-ஆம் எண் ஆக்ஸிஜன், ஒற்றைப் பிணைப்போடு 10-ஆம் எண் கார்பன். 2-ஐ ஒட்டி 11-ஆம் எண் கார்பன், அதன்மேல் இரட்டைப் பிணைப்போடு 12, ஒற்றைப் பிணைப்போடு 13, இரண்டும் ஆக்ஸிஜன். நாம் தேடும் துண்டு: ஒரு கார்பன், அதில் இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்ஸிஜன், ஒற்றைப் பிணைப்பில் இன்னோர் ஆக்ஸிஜன், இந்த இரண்டாவது ஆக்ஸிஜன் வேறு எதோடும் கட்டப்பட்டிருக்கக் கூடாது.

எந்திரம் 1-இல் தொடங்குகிறது. கார்பன், சரி. ஒற்றைப் பிணைப்பில் ஓர் ஆக்ஸிஜனும் இருக்கிறது. இரட்டைப் பிணைப்பில்? இல்லை. பின்வாங்கு. 2-இலிருந்து 6 வரை எதிலும் ஆக்ஸிஜனே ஒட்டவில்லை. 8-க்கு வந்தால் ஆசை காட்டுகிறது: 9 இரட்டைப் பிணைப்பில், 7 ஒற்றைப் பிணைப்பில், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் 7-இன் மறு கை 1-ஐப் பிடித்திருக்கிறது. அது அமிலம் அல்ல, எஸ்டர். மறுபடி பின்வாங்கு. 10-இல் ஒன்றுமில்லை. 11-இல் 12 இரட்டை, 13 ஒற்றை, 13-க்கு வேறு தொடர்பில்லை. கிடைத்துவிட்டது. வேதியியல் படித்த மாணவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவதை எந்திரம் இப்படி இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறது. ஆனால் ஒருமுறைகூட எஸ்டரை அமிலம் என்று ஏமாந்து எடுக்காது.

இந்த முறையின் ஆபத்து எண்ணிக்கையில் இருக்கிறது. ஆறு அணுத் துண்டை 25 அணு மூலக்கூற்றில் கண்மூடித்தனமாக வைத்துப் பார்க்க 12,75,12,000 விதங்கள் உண்டு. ஒரே ஒரு மூலக்கூறுக்கு இவ்வளவு. பிற்பாடு 1971இல் ஸ்டீவன் குக், ஒரு வலைப்படத்துக்குள் இன்னொன்று இருக்கிறதா என்ற பொதுக்கேள்வி கணிப்பொறியியலின் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று காட்டினார். எல்லாப் படங்களுக்கும் விரைவாக விடை தரும் வழி இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. வேதியியலைக் காப்பாற்றியது கார்பனின் நான்கு கைகள்தான். முதல் அணுவை வைத்தபிறகு அடுத்ததை வைக்க அதிகபட்சம் நான்கு இடமே உண்டு, பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். தனிமமும் பிணைப்பும் பொருந்தாததால் கிளைகள் மடமடவென்று முறிந்துவிடும். கோட்பாட்டில் மலைபோல் நிற்கிற கணக்கு நடைமுறையில் குன்றாகிவிடுகிறது.

குன்றானாலும் லட்சக்கணக்கில் ஏற வேண்டியிருந்தால்? காந்த நாடாவில் சேர்மங்கள் வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றையும் அணு அணுவாகத் தடவ வேண்டும் என்றால் எந்த நிறுவனமும் தாங்காது. ஆகவே 1960களில் பல மருந்து நிறுவனங்கள் வேறு பாதையில் போயின. வில்லியம் விஸ்வெஸ்ஸர் என்ற அமெரிக்கர் 1940களின் இறுதியில் உருவாக்கிய வரிக்குறியீட்டில், முழு மூலக்கூற்றையும் தட்டச்சில் உள்ள பெரிய எழுத்துகளாலும் எண்களாலும் ஒரே வரியில் எழுதலாம். ஆஸ்பிரின் அதில் ‘க்யூ-வி-ஆர் பி-ஓ-வி-1’. க்யூ என்றால் ஹைட்ராக்சில், வி என்றால் ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பில் அமர்ந்த கார்பன், ஆர் என்றால் பென்சீன் வளையம். பிறகு ஓர் இடைவெளி, வளையத்தின் இரண்டாம் இடத்தைக் குறிக்கும் பி, அங்கிருந்து ஓர் ஆக்ஸிஜன், மறுபடி வி, கடைசியில் ஒற்றைக் கார்பன். ஏழே குறிகள், நடுவில் ஓர் இடைவெளி! துளையட்டையின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் மால்கம் டைசனின் போட்டிக் குறியீட்டுக்குத்தான் அங்கீகாரம் கொடுத்தது. நிறுவனங்களோ பெரும்பாலும் விஸ்வெஸ்ஸரையே தேர்ந்தெடுத்தன. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. தன் தேடல் அமைப்பையே அதன்மேல் கட்டியது. சிக்கலான வளையங்களுக்கு விதிமேல் விதி போட வேண்டியிருந்ததும், அவற்றை மனப்பாடம் செய்த ஆட்கள் தனி இனமாக வாழ்ந்ததும் இன்று வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் ஒரு பைட்டுக்குக் காசு எண்ணிய காலத்தில் அதைவிட நல்ல வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதன் உண்மையான குறை வேறு. எழுத்துச் சரத்தில் பக்கத்தில் இருப்பது மூலக்கூற்றிலும் பக்கத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. எனவே துண்டுத் தேடலுக்கு வந்தால் வரியை மறுபடி பிணைப்பு அட்டவணையாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சுற்றிச் சுற்றி ரே-கிர்ஷ் வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் இருக்கும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ், 1907 முதல் உலக வேதியியல் ஆய்வுகளுக்குச் சுருக்கம் எழுதி வருகிற அமைப்பு. வந்து குவியும் கட்டுரைகளில் ஒரே சேர்மம் பத்து பெயரில் வரும். “இது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா?” என்ற கேள்விக்குத் தினமும் ஆயிரம் தடவை பதில் சொல்லியாக வேண்டும். பிணைப்பு அட்டவணையைப் பிணைப்பு அட்டவணையோடு ஒப்பிடலாம் என்றால், அணுக்களுக்கு யார் எந்த வரிசையில் எண் போட்டார்கள் என்பதைப் பொறுத்து அட்டவணையே மாறிவிடும். ஆஸ்பிரினின் 13 அணுக்களுக்கு 622,70,20,800 விதமாக எண் போடலாம். அத்தனையும் ஆஸ்பிரின்தான், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஒன்றும் ஒத்துவராது.

1965இல் அங்கே பணியாற்றிய ஹாரி மார்கன் இதற்கு ஒரு வழி கண்டார். அதன் எளிமையில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை. ஒரு சிறிய மூலக்கூற்றில் செய்தே பார்க்கலாம். ஐந்து கார்பன் சங்கிலி, அதன் இரண்டாவது கார்பனில் கிளையாக ஆறாவது கார்பன்: 2-மெத்தில் பென்டேன். ஒவ்வொரு கார்பனுக்கும் அண்டைக் கார்பன்கள் எத்தனை என்று எழுதுங்கள். சங்கிலி வரிசையில் 1, 3, 2, 2, 1; கிளைக்கு 1. மூன்று முனைகளும் ஒரே எண், நடு இரண்டும் ஒரே எண். அடுத்த சுற்றில் ஒவ்வொரு அணுவும் தன் எண்ணைக் கீழே போட்டுவிட்டு அண்டை அணுக்களின் எண்களைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. இப்போது சங்கிலி 3, 4, 5, 3, 2, கிளை 3. முன்பு ஒன்றாகத் தெரிந்த நடு இரண்டும் 5, 3 என்று பிரிந்துவிட்டன. தூரத்து முனை 2 என்று தனித்து நிற்கிறது. கிளைக்கும் முதல் முனைக்கும் இன்னும் ஒரே எண். அது நியாயம்தான், அவை இரண்டும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று சமமானவை. எண் வகைகள் கூடிக்கொண்டிருக்கும் வரை இப்படியே சுற்றுகள் போகும்.

பிறகு பெரிய எண் பெற்ற அணுவுக்கு 1 என்று பெயர். அதன் அண்டையில் பெரியதுக்கு 2, அடுத்ததுக்கு 3. பின்னர் 2-இன் அண்டைகள், 3-இன் அண்டைகள். முடிவு தெரியாத இடங்களில் தனிமம், பிணைப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தீர்ப்பு. யார் எந்த மூலையிலிருந்து படத்தை வரைந்து கொடுத்தாலும் கடைசியில் வெளிவருவது ஒரே அட்டவணை. ஒரே அட்டவணை என்றால் ஒரே பதிவு.

அந்த ஆண்டே தொடங்கிய பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கிடைத்தது. பள்ளி ஆய்வகத்து வேதிப்பொருள் புட்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பிரின் 50-78-2, காஃபிக் அமிலம் 331-39-5. கடைசி இலக்கம் பிழை பிடிக்கும் காவலாளி. ஆஸ்பிரினில் அதற்கு முன்னிருக்கும் இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3, 4 என்று பெருக்கிக் கூட்டினால் 8, 14, 0, 20, மொத்தம் 42, அதன் கடைசி இலக்கம் 2. இந்த எண்ணுக்கும் மூலக்கூற்றின் அமைப்புக்கும் எந்த உறவும் கிடையாது, வந்த வரிசைப்படி கொடுத்ததுதான். பதிவேடு 2015இல் பத்துக் கோடியைத் தொட்டது, இப்போது இருபது கோடியைத் தாண்டிவிட்டது.

வேதியியலும் சும்மா இருக்கவில்லை. பென்சீன் வளையத்தில் இரட்டைப் பிணைப்பும் ஒற்றைப் பிணைப்பும் மாறி மாறி வரும் என்று எழுதுவது வழக்கம். 1-க்கும் 2-க்கும் நடுவில் இரட்டையைப் போட்டும் எழுதலாம், ஒற்றையைப் போட்டும் எழுதலாம். மனிதருக்கு இரண்டும் ஒன்று. எந்திரத்துக்கு இரண்டு வெவ்வேறு பொருள்கள். இதற்காக ஒற்றையுமில்லாத இரட்டையுமில்லாத ஒரு மூன்றாம் வகைப் பிணைப்பையே அட்டவணைக்காக உருவாக்க வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் மூலக்கூறுகள் இன்னும் தலைவலி.

துண்டுத் தேடலுக்குத் திரும்புவோம். அதே 1965இல் எட்வர்ட் சசன்கத் என்பவர், அணுக்களை ஒவ்வொன்றாகப் பொருத்தாமல் கூட்டம் கூட்டமாகக் கழிக்கலாம் என்று காட்டினார். துண்டின் நைட்ரஜன்கள் மூலக்கூற்றின் நைட்ரஜன்களுக்குள்தான் இருக்க முடியும், வளையத்து அணுக்கள் வளையத்து அணுக்களுக்குள்தான். இப்படிக் குறுக்கிக்கொண்டே போனால் தடவிப் பார்க்க வேண்டியது கொஞ்சமே மிஞ்சும். 1976இல் ஜூலியன் உல்மன் இந்தக் கழிக்கும் யோசனையை ரே-கிர்ஷின் பின்வாங்கும் முறையோடு சேர்த்துப் பின்னினார்.

ஆனாலும் பெரிய வேகம் வந்தது, தேடலையே தொடங்காமல் விடுவதில்தான். நட்சத்திரப் பொருத்தம் சரியில்லை என்றால் பெண் பார்க்கவே போவதில்லை. பொருத்தம் இருக்கிறது என்பதற்காகக் கல்யாணம் நிச்சயமாகிவிடுவதும் இல்லை. சல்லடை என்று சொல்லப்பட்ட முறை இதுதான். சேர்மத்தைக் கோப்பில் ஏற்றும்போதே, குறிப்பிட்ட சில சிறு துண்டுகள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து 1, 0 என்று ஒரு வரிசையாக எழுதிவிடுவார்கள். தேட வரும் துண்டுக்கும் அதே வரிசை. துண்டில் 1 இருக்கும் இடத்தில் சேர்மத்தில் 0 இருந்தால் அணுவைத் தொடவே வேண்டாம், தள்ளிவிடலாம். பழைய துளையட்டை யோசனைதான், ஆனால் இப்போது அது வாசற்காவல் மட்டும் பார்க்கிறது. கடைசித் தீர்ப்பை அணு அணுவான தேடல் சொல்கிறது.

எந்தத் துண்டுகளைச் சல்லடைக்குத் தேர்ந்தெடுப்பது? கொலம்பஸில் பணிபுரிந்துவிட்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துக்குப் போன மைக்கேல் லின்ச், வேதியியல் உள்ளுணர்வை ஓரமாக வைத்துவிட்டு எண்ணிப் பார்க்கச் சொன்னார். கார்பனோடு கார்பன் என்ற துண்டு எல்லாச் சேர்மத்திலும் இருக்கும், அது யாரையும் கழிக்காது. அபூர்வமான துண்டு நிறையப் பேரைக் கழிக்கும், ஆனால் அதைக் கேட்டு ஆள் வரமாட்டார். ஆகவே சகஜமான துண்டுகளைக் கொஞ்சம் நீட்டி, அபூர்வமானவற்றைச் சுருக்கி, ஏறக்குறைய ஒரே அளவில் தட்டுப்படும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். ‘முக்கியமான’ தொகுதி எது என்று வேதியியலாளர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்த பட்டியல்களைவிட இது நியாயமான வழி என்றே நினைக்கிறேன்.

1980இல் கொலம்பஸ் அமைப்பு தன் கோப்பைத் தொலைபேசி வழியே உலகுக்குத் திறந்துவிட்டது. பல சிறு கணிப்பொறிகள் கோப்பைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் தேடின. முதலில் சல்லடை, பிறகு அணு அணுவாக.

மார்கன் தன் சுற்றுகளில் கூட்டிய எண்களுக்கு அவர் காலத்தில் ஒரே வேலைதான்: வரிசை தீர்மானமானதும் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் முதல் சுற்றில் ஓர் அணுவின் எண் தன் அண்டை அணுக்களை மட்டும் அறியும். இரண்டாம் சுற்றில் அண்டையின் அண்டைகளை அறியும். ஒவ்வொரு சுற்றும் ஒரு வட்டம் பெரிதாகிறது. 2010இல் டேவிட் ரோஜர்ஸ், மேத்யூ ஹான் இருவரும் விரிவாக வெளியிட்ட முறையில் கடைசி விடையைவிட அந்த இடைக்கால எண்களே முக்கியம். தனிமம், பிணைப்பு போன்ற விவரங்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லாச் சுற்றின் எண்களையும் ஒரு வரிசையாகச் சேமித்தால் மூலக்கூற்றுக்கு ஒரு கைரேகை கிடைக்கிறது. இரண்டு கைரேகைகளில் எத்தனை இடங்கள் ஒத்துப்போகின்றன என்று எண்ணினால் இரண்டு சேர்மங்கள் எவ்வளவு நெருங்கியவை என்று தெரிந்துவிடும். ஆர்.டி.கிட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஆஸ்பிரினைக் கொடுத்தால் இந்தக் கைரேகை உடனே வந்து விழுகிறது. மென்பொருளில் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மார்கன் கைரேகை’.